அழைப்பு மணி அடிக்க வேண்டாம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் தருமன் தன் வீட்டுக்கு மாடி எழுப்பியது வரப்போகும் மருமகனுக்காக. அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருஷம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்போது கைக்கு வந்ததை வைத்து இரண்டு அறை, இரண்டு குளியலறை, மலையைப் பார்த்தபடி நீளமாக ஒரு வராந்தா என்று கட்டி முடித்தார். அவருடைய ஒரே மகள் எழிலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்கிறவன் வேறு வீடு தேடி அலைய வேண்டாம், நம்மோடு இங்கேயே இருந்துவிடட்டும் என்று அவரும் மனைவி சந்திரகலாவும் யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

ஐந்து குடும்பங்கள் வந்து பெண் பார்த்தன. காபி குடித்தார்கள், மாடி ஏறிச் சுற்றிப் பார்த்தார்கள், டைல்ஸ் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலிருந்தும் தகவல் இல்லை. அறைகள் இரண்டு வருஷம் பூட்டியே கிடந்தன. வெள்ளிக்கிழமைதோறும் சந்திரகலா போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டு இறங்குவாள்.

பூட்டைத் திறக்கச் சொன்னவள் எழில்தான். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வெளியூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கி பிளஸ் டூ வரை படித்துவிட்டு வந்தவள். ஒரு நாள் மத்தியானம் செல்போனில் தட்டச்சு செய்து அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மேல் ரூமை கெஸ்டுக்கு விடலாம். காலை டிபன் நாம கொடுக்கலாம். ஆசிரமம் பக்கம் எல்லாரும் செய்றாங்க. நெட்ல போட நான் கத்துக்கிட்டேன்."

கீழே மூன்று படங்கள் இருந்தன. கட்டிலில் புது விரிப்பு, ஜன்னலில் மலை, வராந்தாவில் இரண்டு நாற்காலி. எப்போது சாவியை எடுத்தாள், எப்போது படம் பிடித்தாள் என்று சந்திரகலாவுக்குத் தெரியாது.

"நம்ம வூட்டுக்கு யாரு வந்து தங்கப் போறாங்க?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

"பூட்டி வெச்சு பல்லிக்கா விடறது? போட்டுத்தான் பாக்கலாமே கலா," என்றார் தருமன்.

வேங்கிக்காலில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு அவர் நாலு நடை நடந்தார். பதிவுச் சான்று வாங்கி, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வெளியே போனது அந்த நாலு நாளும்தான். சந்திரகலாவுக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

முதலில் வந்தவர்கள் நெல்லூரைச் சேர்ந்த ஒரு தம்பதி. அந்த மனிதர் வேர்க்கடலைச் சட்னியோடு ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி எப்படிச் செய்தது என்று மனைவியை எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்து நெதர்லாந்திலிருந்து ஒரு பெண்மணி. அவருக்கு இட்லி பிடிக்கவில்லை, பப்பாளி போதும் என்றார். அடி அண்ணாமலையில் மலை கிழக்கே நிற்பதால் வெயில் மேலேறி வர ஏழரை மணி ஆகும். அதுவரை வராந்தா நிழலில் உட்கார்ந்து அந்தம்மாள் மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது சந்திரகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், அன்று முழுக்க சந்திரகலா வேலை செய்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் இப்படி நன்றாகவே போனது. மே மாதம் ஒரு சென்னைக்காரர் வந்தார்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் நடுப்பகலில் வந்து நின்றார். தருமனும் சந்திரகலாவும் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எழில் உள்ளே ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அழைப்பு மணியை அடித்தார். தருமனின் நம்பருக்குப் போன் செய்தார். மண்டபத்து மேளச் சத்தத்தில் தருமனுக்கும் கேட்கவில்லை. நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் எழிலைக் கண்டு சத்தம் போட்டிருக்கிறார். அவள் திரும்பவே இல்லை. அவர் வேறு இடத்துக்குப் போய்த் தங்கிக்கொண்டு நெட்டில் எழுதினார்: "உள்ளே ஒரு பெண் இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. அவ்வளவு திமிர். யாரும் இங்கே போகாதீர்கள்." ஒரே ஒரு நட்சத்திரம்.

எழில்தான் அதை முதலில் படித்தாள். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த ராத்திரியே சந்திரகலா ஒரு முடிவுக்கு வந்தாள். மகளைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஏழெட்டுக் கைக்குறிகளில் சொன்னாள்: கெஸ்ட் வந்தால் நீ சமையலறையிலேயே இரு. வெளியே வராதே. நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் என் பெண்ணை இன்னொரு முறை திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவள் மனசில் இருந்தது. எழில் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த இரண்டு மாதம் எழில் இட்லி ஊற்றினாள், சட்னி அரைத்தாள், வருகிறவர்களின் மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டாள். ஆனால் வந்தவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. சேலத்திலிருந்து வந்த ஒரு பெண், "யாருங்க எங்களுக்கு இவ்வளவு பொறுமையா வழி சொல்லி மெசேஜ் போட்டது? பார்த்து தேங்க்ஸ் சொல்லணும்," என்று கேட்டாள். சந்திரகலா ஒரு நொடி தயங்கிவிட்டு, "எங்க பொண்ணுதாங்க. வெளியூர்ல இருக்கா," என்று சொல்லிவிட்டாள். சமையலறைக் கதவு அப்போது பாதி திறந்திருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்துத் தருமன் எதற்கோ தங்கள் வீட்டுப் பக்கத்தை நெட்டில் திறந்து பார்த்தார். முதல் படமே மாறியிருந்தது. வாசல் கேட்டைப் பிடித்தபடி எழில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: "என் பெயர் எழில். எனக்குக் காது கேட்காது. அழைப்பு மணி அடிக்க வேண்டாம். மெசேஜ் செய்யுங்கள், உடனே வந்து கதவைத் திறப்பேன்."

சந்திரகலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைப் போட்டா எவன் வருவான்? ஊரு பூரா தெரியணுமா?" என்று மகளைப் பார்த்துக் கத்தினாள். உதட்டைப் பார்த்தே எழில் பாதியைப் புரிந்துகொண்டாள். போனில் மூன்றே வார்த்தை தட்டிக் காட்டினாள்: "வர்றவங்க வரட்டும் அம்மா."

மூன்று வாரம் யாரும் வரவில்லை. வெறிச்சோடிய வராந்தாவைப் பார்க்கும்போதெல்லாம், சொன்னேனே என்பதுபோலச் சந்திரகலா பெருமூச்சு விடுவாள். ஆடி மாத நடுவில் பெங்களூரிலிருந்து அறை கேட்டு ஒரு பதிவு வந்தது. அம்ருதா, விமல்ராஜ் என்று இரண்டு பேர், இரண்டு நாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்கள் கார் வந்து நின்றது. மெசேஜ் பார்த்து எழில் கேட்டைத் திறக்கப் போனாள். சந்திரகலாவும் பின்னாலேயே ஓடினாள். காரிலிருந்து இறங்கிய மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். எழிலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஏதோ கேட்டார். எழில் அப்படியே நின்றாள். அடுத்த கணம் அவள் கைகளும் கிளம்பின. அவ்வளவு வேகமாக அவள் கைகள் அசைந்து சந்திரகலா பார்த்ததே இல்லை. புருவம், தோள், கன்னம் எல்லாம் சேர்ந்து பேசின. நடுவில் எழில் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என் ஹஸ்பண்டுக்குக் காது கேக்காது ஆன்ட்டி," என்றாள் கூட வந்த பெண் அம்ருதா. "காது கேக்காத பசங்களுக்கு டீச்சரா இருக்காரு. இங்க எழுதியிருந்ததைப் படிச்சுட்டு, திருவண்ணாமலை போனா இந்த வீட்லதான் தங்கணும்னு ஒரே பிடிவாதம். எனக்குச் சொந்த ஊரு ஆரணிதான். எங்க அண்ணனுக்கும் காது கேக்காது. அதனால சின்ன வயசுலயே எனக்குச் சைகை மொழி வந்துடுச்சு."

எட்டு மணிக்கு டிபன் எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல மகளைச் சமையலறைக்குப் போகும்படி சந்திரகலா கண் காட்டினாள். விமல்ராஜ் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எழிலை உட்காரச் சொன்னார். தருமனையும் சந்திரகலாவையும் உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த மேஜையில் அன்றுதான் முதல்முறை.

"ஆன்ட்டி, ஒரு விஷயம்," என்றாள் அம்ருதா. "கோர்ட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் காது கேக்காதவங்க பேசறதை மத்தவங்களுக்கு மாத்திச் சொல்றதுதான் என் வேலை. எழில் என்ன சொல்றாங்களோ அதை அப்படியே நான் சொல்றேன். 'நான்'னு சொன்னா அது எழில். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். பரவாயில்லையா?"

பாதி புரிந்தும் புரியாமலும் சந்திரகலா தலையாட்டினாள்.

எழில் அம்மாவைப் பார்த்துக் கைகளை அசைக்க, அம்ருதாவின் குரல் வந்தது. "அம்மா, நீ சட்னியில உப்பு கம்மியா போடற. ஸ்கூல் முடிச்சு வந்த நாள்லேர்ந்து சொல்லணும்னு இருக்கேன். நீ அந்தாண்ட திரும்பினதும் நான்தான் ஒரு சிட்டிகை போடறேன். நெல்லூர்க்காரர் புகழ்ந்தாரே, அது என் உப்பைத்தான்."

தருமன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

"அப்பா, நீங்க சிரிக்காதீங்க. நீங்க பேசறது பஸ் ஓட்டற மாதிரியே இருக்கு. ஏற வேண்டியவங்க ஏறறதுக்குள்ள கெளம்பிடறீங்க. உங்க உதட்டைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்குது."

இப்போது சந்திரகலா சிரித்தாள். இத்தனை நாளாக எழிலைப் பற்றி யார் கேட்டாலும் அமைதியான பெண், சாது என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். இவள் இப்படிக் கேலி பேசுவாளா? எத்தனை வருஷமாக இதெல்லாம் இவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது?

எழிலின் கைகள் கொஞ்சம் மெதுவாயின. அம்ருதாவின் குரலும் இறங்கியது.

"வீட்டுக்கு யாராவது வந்தா எல்லாரும் பேசறீங்க, சிரிக்கறீங்க. என்னான்னு நான் கேட்டா, அப்புறம் சொல்றேன்னு நீ கையைக் காட்டற. அப்புறம் சொன்னதே இல்லை. சித்தப்பா செத்தப்ப எதுனால செத்தார்னு எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"எழுதிக் காட்டியிருக்கலாமேம்மா," என்றார் தருமன். அம்ருதா அதைக் கையால் எழிலுக்குச் சொன்னாள்.

"எழுதிக் காட்டினேன்ப்பா. நிறைய. நீங்க படிச்சுட்டுத் தலையாட்டுவீங்க. பதில் எழுத மாட்டீங்க."

தருமன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. நான் வெளியூர்ல இருக்கேன்னு அந்தச் சேலத்து அக்காகிட்ட நீ சொன்ன. கதவு தெறந்துதான் இருந்துச்சு. உன் உதட்டைப் பாத்தேன்."

சந்திரகலா எழுந்து சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். அழுகை வந்தது. அழுது முடித்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தன்னிடம் இருந்ததெல்லாம் சாப்பிடு, வா, தூங்கு, அப்பா, பணம் என்று ஏழெட்டுக் கைக்குறிகள். அவற்றில் மன்னிப்பு கேட்க ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "முதல்ல, எழில்னு எப்படிக் காட்டறதும்மா?" என்று அம்ருதாவிடம் கேட்டாள்.

அம்ருதா அதை எழிலிடம் கேட்டாள். எழில் ஆள்காட்டி விரலால் தன் இடது கன்னத்துக் குழியைத் தொட்டு, விரலை லேசாகத் திருப்பினாள்.

"ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் வெச்ச பேராம் ஆன்ட்டி. காது கேக்காதவங்களுக்குள்ள இப்படி ஆளுக்கு ஒரு பேர் உண்டு. நாலாவதுலேர்ந்து அவங்களுக்கு இதுதான் பேரு."

பெற்ற மகளுக்குத் தனக்குத் தெரியாத ஒரு பெயர் பதினைந்து வருஷமாக இருந்திருக்கிறது. சந்திரகலா விரலைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுத் திருப்பினாள். சரியாக வரவில்லை. எழில் எட்டி அம்மாவின் விரலைப் பிடித்து, சரியான இடத்தில் வைத்துக் காட்டினாள். சந்திரகலா மறுபடியும் செய்தாள். அப்புறம் தன் நெஞ்சில் கை வைத்து, அம்ருதாவைப் பார்த்து, "தப்பு பண்ணிட்டேன்னு அதுக்குச் சொல்லும்மா. இல்ல, நீ சொல்லாத. எனக்குச் சொல்லிக் குடு, நானே சொல்றேன்," என்றாள்.

இரண்டு நாள் தங்க வந்தவர்கள் ஐந்து நாள் தங்கினார்கள். தினமும் டிபனுக்குப் பிறகு விமல்ராஜ் பாடம் எடுத்தார். சந்திரகலாவுக்குச் சீக்கிரம் வந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய தருமனின் விரல்கள் மடங்க மறுத்தன. விமல்ராஜ் விடவில்லை, பத்துத் தடவை, இருபது தடவை செய்யச் சொன்னார். மத்தியானம் இரண்டு ஆண்களும் ஏணி போட்டு ஏறி, வாசல் பொத்தானிலிருந்து கூடம், சமையலறை, எழில் அறை மூன்றுக்கும் ஒயர் இழுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் மூன்று இடத்திலும் பச்சை விளக்கு மின்னும். ஒருவருக்கொருவர் மொழி தெரியாத அந்த இரண்டு பேரும் டெஸ்டரையும் இன்சுலேஷன் டேப்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு வேலை செய்ததைச் சந்திரகலா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாளில் அவள் அம்ருதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு எங்கிட்ட அம்மான்னு பேசி, உன் வாயாலதாம்மா நான் கேட்டேன். இதுக்கு நான் இன்னா செய்யப் போறேன்?"

"நான் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. பேசினது எழில்தான். மெசேஜ் செய்யுங்கன்னு தைரியமா எழுதினதும் அவங்கதான்," என்றாள் அம்ருதா.

அவர்கள் ஊருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பாடம் நடந்தது. அதற்கிடையே விமல்ராஜ் தன் நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் தங்கள் நண்பர்களிடம் சொல்ல, புதிது புதிதாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓசூரிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். காது கேளாத மகனைக் கூட்டிக்கொண்டு கேட்கும் பெற்றோர் வந்தார்கள். அந்தத் தாய் சந்திரகலாவிடம் தனியாக, "எப்படிக்கா கத்துக்கிட்டீங்க? இந்த வயசுல நமக்கு வருமா?" என்று கேட்டாள். "எனக்கே வந்துச்சு. உனக்கு வராதா?" என்றாள் சந்திரகலா. அன்று மத்தியானம் எழில் அந்தத் தாய்க்கு முப்பது வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது கேட்கிறவர்களும் வந்தார்கள். வாசலில் நின்று மெசேஜ் போட்டுவிட்டுப் பச்சை விளக்குப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று தான் பயந்ததை நினைத்தால் சந்திரகலாவுக்கே வெட்கமாக இருக்கும்.

ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவருக்கும் காது கேட்காது. கிரிவலம் முடித்துவிட்டு விடியற்காலையில் திரும்பியவர்களிடம், கால் வலிக்கிறதா, வெந்நீர் போடட்டுமா என்று சந்திரகலா கையால் கேட்டாள். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெடித்துச் சிரித்தார்கள். எழிலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால்களை வெந்நீரில் போட்டு வேக வைக்கட்டுமா என்று அம்மா கேட்டுவிட்டாளாம். சந்திரகலா கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேருக்கும் காபி கலந்து எடுத்துவந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒரு பேச்சுச் சத்தமும் இல்லாமல் அந்தக் கூடம் அன்றைக்குக் கல்யாண வீடு போல இருந்தது.

மார்கழியில் விமல்ராஜ் ஒரு யோசனை சொன்னார். பெங்களூரில் சைகை மொழி ஆசிரியர் பயிற்சி இருக்கிறது, ஆறு மாதம், எழில் வந்து சேரட்டும், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்றார். ஆறு மாதம் இவள் இல்லாமல் எப்படி என்று முதலில் மலைத்தவள் சந்திரகலா. "யார் மெசேஜ் போடறது? யார் நெட்டைப் பாக்கறது?" என்று மகளைக் கேட்டாள். "நீதான்," என்றாள் எழில். ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பழக்கிவிட்டாள். முதல் மெசேஜைச் சந்திரகலா ஒற்றை விரலால் தட்டி அனுப்ப இருபது நிமிஷம் ஆனது. ஆனாலும் அந்த விருந்தினர் சரியாக வந்து சேர்ந்துவிட்டார்.

தைப் பொங்கல் முடிந்த மறுவாரம் மகளைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஏசி பஸ். கண்ணாடி ஜன்னல் திறக்காது. பக்கத்து ஜன்னல்களுக்குக் கீழே நின்றவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து, போனதும் போன் பண்ணு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கேட்கவில்லை என்று தலையாட்டினார்கள். சந்திரகலாவும் எழிலும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பஸ் நகர்ந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. எழில் பின் ஜன்னலுக்கு ஓடினாள். சந்திரகலா நடைமேடை ஓரம்வரை நடந்தாள்.

பஸ் வெளியே போய்த் திரும்பிய பிறகு, அருகில் நின்ற ஒரு பெண், "உங்க பொண்ணாங்க? அவ்ளோ நேரம் இன்னா சொல்லுச்சு?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு மாடியில கொசுவலை மாத்தணுமாம். அவங்க அப்பா பிரஷர் மாத்திரைய மறக்கக் கூடாதாம்," என்றாள் சந்திரகலா. தருமன் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "அப்புறம், என் கையெழுத்து இப்பல்லாம் நல்லா புரியுதாம். கைப்பேச்சைத்தான் அது அப்படிச் சொல்லும்."

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோ பிடித்து, பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த விருந்தினர்களுக்காக இருவரும் வீடு திரும்பினார்கள்.